கந்தப்பளையிலிருந்து எந்த ஆணைக்குழுவுக்கு எழுதுவது?

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பெண்ணுக்குப் பெயர்ப் பிழை என்று வைத்துக்கொள்வோம். அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் இன்னொன்று, பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது. முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவருக்கு ஊழியர் சேமலாப நிதி கைக்கு வரவில்லை. தோட்டக் காரியாலயத்தில் கடிதம் எழுதித் தருவதற்கு ஒருவர் காசு கேட்கிறார். அரச அலுவலகமொன்றில் இன்னொருவர் "அடுத்த கிழமை வாங்க" என்று மாதக்கணக்காகத் திருப்பி அனுப்புகிறார். பொலிஸில் சொல்லப் போனால், அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். ஒரே பெண், ஒரே காரியம். சட்டத்துக்கோ இவை மூன்று வெவ்வேறு முறைப்பாடுகள். அரச உத்தியோகத்தரின் இழுத்தடிப்பு, நிர்வாக முறைகேடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனுக்குப் போக வேண்டியது. பொலிஸின் செயல் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கோ தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கோ அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கோ உரியது. தோட்டக் காரியாலயத்தில் காசு கேட்டவர் அரச ஊழியர் அல்லர். 2023 வரை அவர் மீது எந்த மேற்பார்வை ஆணைக்குழுவும் கை வைத்திருக்க முடியாது.

இலங்கையில் அரசைக் கண்காணிக்கும் அலுவலகங்களும், அவற்றுக்குள் அமர்ந்து புலனாய்வு செய்யும் சட்டத்தரணிகளும் மலையகத்துக்கு என்ன பயன் தந்திருக்கிறார்கள் என்று ஆராயப் புகுந்தால் இந்த எல்லைக்கோட்டில்தான் முட்டிக்கொள்கிறோம். பிரஜை இந்தப் பக்கம், அரசாங்கம் எதிர்ப்பக்கம் என்று எண்ணியே இந்த நிறுவனங்கள் எல்லாம் கட்டப்பட்டன. தோட்டத்து மனிதருக்கு எதிரே ஒன்றரை நூற்றாண்டாக நிற்பது தோட்ட முகாமையாளரான துரையும் தோட்டக் காரியாலயமும்தான். வீடு, தண்ணீர், பாதை, பிள்ளைப்பராமரிப்பு, மருந்தகம், தபால் என்று வேறிடங்களில் அரசும் உள்ளூராட்சியும் செய்வதைத் தோட்டம் செய்தது. ஒரு குறுகிய காலம் தவிர, அதைத் தட்டிக்கேட்கும் அதிகாரத்தை இந்த நிறுவனங்களுக்குச் சட்டம் கொடுக்கவில்லை.

மேற்பார்வை அலுவலகத்தில் இருக்கும் சட்டத்தரணி நாம் நீதிமன்றத்தில் காணும் சட்டத்தரணி போன்றவர் அல்லர். அவருக்குக் கட்சிக்காரர் கிடையாது. முறைப்பாட்டாளருக்காக அவர் வாதாடுவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரைக் காப்பாற்றுவதும் இல்லை. மேசைக்கு வரும் கடிதத்தில் முதலில் அவர் பார்ப்பது, இது தம் சட்டத்துக்குள் அடங்குமா என்பதை. அடங்கினால் எந்த ஆவணம் யாரிடம் இருக்கிறது, எந்தச் சாட்சியை முதலில் கேட்பது, எந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டால் பதில் மறுக்க முடியாது என்று திட்டமிடுவார். வாக்குமூலம், பதிவேடு, சுற்றறிக்கை, வங்கிப் பதிவு ஆகியவற்றைச் சேர்த்துக் கடைசியில் ஒரு குறிப்பு எழுதுவார்: நடந்தது இது, மீறப்பட்ட சட்டம் இது, செய்ய வேண்டியது இது. அந்தக் குறிப்பு பலவீனமாக இருந்தால் மேலே இருக்கும் ஆணையாளர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும் ஒன்றும் நடக்காது. ஆணையாளர்களின் நியமனத்தைப் பற்றி நாட்டில் எழுதப்படுவதில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் குறிப்பை எழுதுபவரைப் பற்றி எழுதப்படுவதில்லை. என் பார்வையில் அதுவே இந்தத் துறை குறித்த நம் பேச்சின் பெரிய குறை.

இலங்கையின் ஒம்புட்ஸ்மன் பதவி 1978 அரசியலமைப்பின் 156ஆம் உறுப்புரையில் பிறந்து, 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் உருப்பெற்றது. நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் என்பது அதன் சட்டப் பெயர். பாராளுமன்றத்தின் முன்னாள் செயலாளர் நாயகம் சாம் விஜேசிங்க முதல் ஆணையாளரானார். ஆரம்பத்தில் மக்கள் அவருக்கு நேரடியாக எழுத முடியாது. பாராளுமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுத்து, அது பொதுமனுக் குழுவுக்குப் போய், குழு அனுப்பினால்தான் அவர் விசாரிக்கலாம். அந்த நாட்களில் மலையகத் தமிழரில் பெருந்தொகையினருக்கு வாக்குரிமையே இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. வாக்கில்லாதவரின் மனுவை எந்த உறுப்பினர் தூக்கிக்கொண்டு போவார்? 1994இல் சட்டம் திருத்தப்பட்டு நேரடி முறைப்பாடு அனுமதிக்கப்பட்டது. ஆனாலும் பரிந்துரைப்பதோடு அவருடைய அதிகாரம் முடிகிறது. கட்டளையிட முடியாது.

பழைய வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் தோட்டத்தை வெளியிலிருந்து விசாரித்தவர்கள் முன்பும் இருந்தார்கள். இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் 1923 முதல் கண்டியில் இருந்து தொழிலாளர் நிலைமையைக் கவனித்து ஆண்டறிக்கை எழுதினார். ஒரு நாடு, தன் மக்கள் வேலை செய்யும் இன்னொரு நாட்டுத் தோட்டங்கள் மீது வைத்திருந்த மேற்பார்வைக் கண் அது. அதே காலத்தில் மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களைப் பார்த்தார். துரையின் அனுமதியில்லாமல் வெளியார் நுழைந்தால் அத்துமீறல் குற்றம் என்பதால் துணி மூட்டை தேவைப்பட்டது. அவர் சட்டத்தரணி அல்லர். ஆனால் சாட்சி இருக்கும் இடத்துக்குப் போவது என்ற புலனாய்வின் முதல் பாடத்தை அவரளவுக்கு உணர்ந்தவர்கள் அன்று குறைவு.

1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டவில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதை விசாரிக்க ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவி சார்பில் லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா சட்டத்தரணியாகத் தோன்றினார். ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு, தேர்ந்த குறுக்குவிசாரணையோடு பொதுவில் ஆராயப்பட்டது அன்று மிகப் பெரிய விடயம். சுட்டது பொலிஸ், அதாவது அரசு, ஆகவே ஆணைக்குழு. அதே தோட்டத்தில் அதற்கு முந்தைய பல வருடங்களில் துரைமார் செய்தவற்றை விசாரிக்க அப்படியொரு ஆணைக்குழு அமைந்ததில்லை. எல்லைக்கோடு அன்றே போடப்பட்டுவிட்டது.

அந்தக் கோடு ஒருமுறை நகர்ந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. ஒம்புட்ஸ்மனின் சட்டம் அரச கூட்டுத்தாபன ஊழியர்களையும் உள்ளடக்கியது. ஆகவே 1980களில் தோட்டத் துரை, சட்டப்படி, மேற்பார்வைக்கு உட்பட்ட ஒருவர். அன்று முறைப்பாட்டுக் கதவு பாராளுமன்ற உறுப்பினர் வழியாக மட்டுமே திறந்தது. பிறகு 1992இல் தோட்டங்களின் முகாமை 22 பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது; 1990களின் நடுப்பகுதியிலிருந்து பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டன. கதவு நேரடியாகத் திறந்தது 1994இல். கதவு மூடியிருந்தபோது தோட்டம் உள்ளே இருந்தது. கதவு திறந்தபோது தோட்டம் வெளியே போய்க்கொண்டிருந்தது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. தோட்ட மக்கள் இருப்பது எவருடைய நினைவிலும் இல்லாமலே இரண்டு பெரிய சட்ட மாற்றங்கள் அடுத்தடுத்து நடந்தன என்பதுதான் இன்னும் வேதனையானது.

இன்றும் அரச நிறுவனங்களின் கையில் இருக்கும் தோட்டங்களில் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பணிக்கொடை நிலுவைகள் பாராளுமன்றத்தின் பொது முயற்சிகள் பற்றிய குழுவிலும் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளிலும் பேசப்படுகின்றன. கம்பனித் தோட்டங்களில் அதே நிலுவை தொழில் திணைக்களத்தின் பொறுப்பு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்கொள்வோரின் 12 வீதமும் நிதிக்குப் போக வேண்டும். போகாவிட்டால் தொழில் ஆணையாளர் சான்றிதழ் கொடுத்து நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடலாம். சட்டம் நல்ல சட்டம். தொழில் அதிகாரி கடமையைச் செய்யாவிட்டால் யாரிடம் போவது என்பதே கேள்வி. அதற்கு வழி உண்டு: அவர் அரச உத்தியோகத்தர், ஆகவே ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். கம்பனியைத் தொட முடியாத இடத்தில், கம்பனியைக் கேட்க வேண்டிய அதிகாரியைத் தொடலாம். அனுபவமுள்ள புலனாய்வுச் சட்டத்தரணி இந்தச் சுற்றுவழியைத்தான் முதலில் தேடுவார். ஆனால் முறைப்பாட்டாளர் கடிதத்தில் கம்பனியின் பெயரை மட்டும் எழுதியிருந்தால், எமது நியாயாதிக்கத்துக்கு உட்பட்டதல்ல என்ற ஒற்றை வரிப் பதிலோடு கோப்பு மூடப்படவும் கூடும். முறைப்பாட்டைச் சரியான திசைக்குத் திருப்பி எழுத உதவுவதும் அந்த அலுவலகங்களின் கடமை என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

மனித உரிமைகள் ஆணைக்குழு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. நிறைவேற்றுத்துறை அல்லது நிர்வாகத்துறைச் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், முறைப்பாடு கிடைத்தோ தானாக முன்வந்தோ விசாரிக்கலாம், சாட்சிகளை அழைக்கலாம், தடுப்பிடங்களுக்குள் போகலாம். இங்கு மலையகத்தார் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கந்தப்பளையிலிருந்து கொழும்புக்கு ஒருநாள் பயணம். ஒருநாள் பேர், அதாவது நாட்சம்பளம், போகும், பஸ் காசு போகும், சட்டத்தரணிக் கட்டணம் தனி. மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதற்கு ஒரு நிவாரணம் தருகிறது: ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. முறைப்பாடு கொடுத்ததற்கான சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையிலேயே நடந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆக, ஆணைக்குழு அலுவலகத்தில் இருக்கும் விசாரணைச் சட்டத்தரணி கோப்பைத் திறந்து, திகதியிட்டு, எதிர்த்தரப்பை அழைத்தால் ஒரு ஏழையின் வழக்கு உயிரோடு இருக்கும். அவர் கோப்பை அலுமாரியில் வைத்துவிட்டால் அந்த உரிமையே செத்துவிடலாம்.

அந்த வேலையை ஒருவர் எவ்வளவு ஆழமாகச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 2015 முதல் 2020 வரை ஆணையாளராக இருந்த சட்டத்தரணி அம்பிகா சற்குணநாதன் தலைமையில் ஆணைக்குழு நாட்டின் 20 சிறைச்சாலைகளை ஆராய்ந்தது. அதன் அறிக்கை 2020இல் வந்தது. கைதிகளிடமே கேட்டு, நெரிசல், கழிப்பிடம், மருத்துவம், மரண தண்டனைக் கைதிகளின் வாழ்வு வரை எழுதிய முதலாவது தேசிய ஆய்வு அது. தனி முறைப்பாடு ஒன்றுக்காகக் காத்திருக்காமல் ஒரு முழு அமைப்பையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டதுதான் அதன் சிறப்பு. லயக் குடியிருப்பைப் பற்றி அப்படியொரு விசாரணை வேண்டும் என்று நான் நம்புகிறேன். லயத்துக் கூரையைக் கம்பனி பழுது பார்க்கவில்லை என்பது மட்டும் அங்கு பிரச்சினை அல்ல. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளில் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாகப் பல வருடம் நின்று, 2018இல்தான் திருத்தப்பட்டது. பிரதேச சபைச் சட்டம் 1987இல் வந்தது. முப்பது ஆண்டுக்கும் மேலாக ஒரு மக்கள் கூட்டத்தை உள்ளூராட்சிக்கு வெளியே நிறுத்தியது நிச்சயமாக அரசின் செயல். கம்பனி என்ற சாக்கு அங்கு எடுபடாது.

மொழிக்கு வருகிறேன். நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவு இருமொழி நிர்வாகப் பிரிவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அரசகரும மொழிகள் ஆணைக்குழு 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உள்ளது. இருந்தும் வாக்குமூலம் தமிழில் சொல்லப்பட்டு சிங்களத்தில் எழுதப்படுவது இன்னும் நடக்கிறது. புலனாய்வில் இதைவிடப் பெரிய சேதம் வேறில்லை. "காசு கேட்டார்" என்பதும் "காசு கேட்ட மாதிரி இருந்தது" என்பதும் ஒரு வழக்கில் இரண்டு வேறு முடிவுகளைத் தரும். "அரைப்பேர் போட்டாங்க", "கைக்காசுக்குப் போனேன்" என்று ஒரு தொழிலாளி சொன்னால், அது பாதி நாள் சம்பளம், நிறைக்கு ஏற்ற கூலி என்று புரியாத விசாரணையாளர் அடுத்த கேள்வியையே கேட்க மாட்டார். தமிழ் தெரிந்தால் போதாது. தோட்டத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். செக்ரோலை விரித்து எந்த நிரலில் எது மறைக்கப்படும் என்று அறிந்தவர், காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பிரட்டுக்களத்தில் யார் யாரிடம் எப்படிப் பேசுவார்கள் என்று கண்டவர் இந்த வேலைக்குத் தேவை. அப்படிப்பட்ட பிள்ளைகள் லயங்களிலிருந்து சட்டக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகச் சட்ட பீடங்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். மேற்பார்வை ஆணைக்குழுக்கள் அவர்களைத் தேடி எடுக்க வேண்டும்.

இலஞ்ச ஆணைக்குழுவின் கதை வேறு. இலஞ்சச் சட்டம் 1954இல் வந்தது. ஆணைக்குழுவின் துரித அழைப்பு எண்ணும் 1954தான். இன்றைய ஆணைக்குழுவின் முன்னோடி 1994ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. மூன்று ஆணையாளர்கள், ஒரு பணிப்பாளர் நாயகம், கீழே சட்ட அதிகாரிகளும் பொலிஸிலிருந்து அனுப்பப்பட்ட புலனாய்வாளர்களும். யாரேனும் இலஞ்சம் கேட்டால் முறைப்பாட்டாளரோடு ஒரு போலி ஆளை அனுப்பி, குறியிட்ட தாள்களைக் கொடுத்துப் பிடிக்கும் சுற்றிவளைப்பு எல்லோருக்கும் தெரிந்தது. செய்தியில் வருவது அந்த நிமிடம் மட்டுமே. வழக்கு நிற்பதும் விழுவதும் அதற்கு முன்னும் பின்னும் சட்ட அதிகாரி செய்யும் எழுத்து வேலையில். கேட்டவருக்கு அந்தக் காரியத்தைச் செய்யும் கடமை இருந்ததா, பணம் அதற்காகத்தான் கைமாறியதா, போலியாகப் போனவர் உரையாடலை நேரில் கேட்டாரா என்று ஒவ்வொன்றும் எழுத்தில் நிற்க வேண்டும். 2020க்குப் பிறகு மேல் நீதிமன்றத்திலும் நீதவான் நீதிமன்றத்திலும் இருந்த பல வழக்குகள், மூன்று ஆணையாளர்களின் எழுத்துமூல ஒப்புதல் முறைப்படி இல்லை என்ற காரணத்தால் மீளப்பெறப்பட்டன. சாட்சி பொய் சொன்னதால் அல்ல, பணம் கைமாறாததால் அல்ல. ஒரு கடதாசியால். மக்களின் நம்பிக்கைக்கு அது செய்த சேதம் இன்னும் ஆறவில்லை.

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் தடுப்புச் சட்டம் அந்த ஆண்டு செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. இலஞ்சச் சட்டம், 1994 ஆணைக்குழுச் சட்டம், 1975ஆம் ஆண்டின் சொத்துப் பிரகடனச் சட்டம் ஆகிய மூன்றையும் நீக்கி ஒன்றாக்கியது. ஆணைக்குழு தன் புலனாய்வாளர்களைத் தானே சேர்த்துக்கொள்ளலாம். தகவல் தருவோருக்குப் பாதுகாப்பு உண்டு. இவற்றைவிட மலையகத்துக்கு இரண்டு மாற்றங்கள் முக்கியம். தனியார் நிறுவனத்தின் ஊழியர் தம் கடமையை மீறுவதற்காக வாங்கும் இலஞ்சமும் இப்போது குற்றம். பாலியல் சலுகை கேட்பதும் இலஞ்சமாக வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

இந்த இரண்டையும் தோட்டத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். சேமலாப நிதிப் படிவத்தில் ஒப்பமிடக் காசு கேட்பவர், பேர் பதியவோ லேசான மலைக்கு அனுப்பவோ ஒரு பெண்ணிடம் வேறொன்றைக் கேட்பவர், வீட்டுப் பட்டியலில் பெயர் சேர்க்கக் கை நீட்டுபவர் எல்லோரும் இதற்குமுன் 'தோட்டத்து விடயம்' என்ற பெயரில் தப்பியவர்கள். தொழிற்சங்கத் தலைவர் துரையோடு பேசி முடிப்பார். சில நேரம் முடிக்காமல் விடுவார். முதன்முறையாக ஒரு தேசிய மேற்பார்வைச் சட்டம் கம்பனித் தோட்டத்துக் கேற்றைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறது. இதைச் சொல்லும் தமிழ்த் துண்டுப்பிரசுரம் கொழுந்து நிறுக்கும் எத்தனை மடுவங்களில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று மலையகத் தொழிற்சங்கங்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. மேலே சொன்ன எல்லா அலுவலகங்களுக்கும் போகுமுன் அதைப் பயன்படுத்தலாம்: தொழில் திணைக்களம் எங்கள் தோட்டத்தில் கடைசியாக எப்போது பரிசோதனை செய்தது, வீடமைப்புத் திட்டப் பயனாளிகள் எப்படித் தெரிவு செய்யப்பட்டார்கள், குத்தகைக் காணி யாருக்கு என்ன நிபந்தனையில் கொடுக்கப்பட்டது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தரலாமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. கம்பனி பதில் தராவிட்டாலும், காணி அரசுடையது என்பதால் குத்தகை ஆவணம் ஒரு அரச அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும்.

வெளியுலகத்தில் இருந்து இரண்டு பாடங்கள் போதும். சுவீடன் 1809இல் ஒம்புட்ஸ்மனை உருவாக்கியது என்று எல்லாக் கட்டுரையும் சொல்லும்; நமக்கு அதைவிடப் பயனுள்ளது ஹொங்கொங். 1974இல் அங்கு அமைந்த ஊழல் ஒழிப்பு ஆணைக்குழு, குடியிருப்புப் பகுதிகளிலேயே கிளைகளைத் திறந்து மக்களை நேரில் வரச் சொன்னது. இரண்டாவது கர்நாடகம். அந்த மாநிலத்தின் ஊழல் கண்காணிப்பு அதிகாரியான லோகாயுக்தா சந்தோஷ் ஹெக்டே 2011இல் சட்டவிரோதச் சுரங்கம் பற்றிக் கொடுத்த அறிக்கையால் முதலமைச்சரே பதவி விலகினார். தனியார் சுரங்கத்துக்கும் அரச அதிகாரத்துக்கும் இடையே பணம் ஓடிய பாதையை ஆவணத்தோடு காட்டிய விசாரணை அது. 2016இல் மாநில அரசு தனி ஊழல் ஒழிப்புப் பிரிவு ஒன்றை உருவாக்கி லோகாயுக்தாவின் பல்லைப் பிடுங்கியது. 2022இல் கர்நாடக மேல் நீதிமன்றம் அந்தப் பிரிவை இரத்துச் செய்தது. நன்றாக வேலை செய்யும் மேற்பார்வை அலுவலகத்துக்கு முதல் எதிரி எங்கிருந்து வருவான் என்று அது காட்டுகிறது.

ஆனால் இந்தப் பாடங்களால் மட்டும் நீங்காத ஒரு தடை கந்தப்பளையில் உண்டு. முறைப்பாடு கொடுப்பவர் வசிக்கும் வீடு, யார் மீது முறைப்பாடு கொடுக்கிறாரோ அவருடைய தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவரேனும் தோட்டத்தில் பேர் போட்டால்தான் அந்த அறை நிலைக்கும் என்ற அச்சம் குடும்பங்களில் இருக்கிறது. 2023 ஊழல் தடுப்புச் சட்டத்தின் சாட்சிப் பாதுகாப்பு உயிருக்கும் தொழிலுக்கும் ஆபத்து வராமல் காக்க எண்ணியது. லயத்து அறைக்கும் அதே பாதுகாப்பு வேண்டும்: முறைப்பாடு கொடுத்த குடும்பத்தை விசாரணை முடியும்வரை வெளியேற்றக் கூடாது, பிரட்டில் வேலை மறுக்கக் கூடாது, தண்ணீரை நிறுத்தக் கூடாது என்று ஆணைக்குழு இடைக்காலக் கட்டளை பிறப்பிக்கும் அதிகாரம். காணி அரசுடையது, குத்தகைதாரர் கம்பனி. குத்தகை நிபந்தனையில் ஒரு வாசகம் சேர்த்தால்கூட இதைச் செய்யலாம். நுவரெலியா நகரில் தமிழ் பேசும் விசாரணைச் சட்டத்தரணி ஒருவரோடு, மாதத்தில் குறிப்பிட்ட நாட்களாவது இலஞ்ச ஆணைக்குழுவும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் ஒம்புட்ஸ்மன் அலுவலகமும் ஒரே கூரையின் கீழ் முறைப்பாடு எடுப்பது அடுத்த தேவை. அந்தப் பெயர்ப் பிழைப் பெண் மூன்று கடிதம் எழுத வேண்டியதில்லை. நடந்ததை ஒருமுறை சொன்னால் போதும். எது யாருக்கு உரியது என்று பிரித்து அனுப்புவது சம்பளம் வாங்கும் சட்டத்தரணியின் வேலை.